பின் இடது

மதியம் பெய்த மழை அப்போதுதான் ஓய்ந்திருந்தது. டயர்க் கடை வாசலில் அந்தச் சின்னக் கார் வந்து நின்றபோது, கடைக்காரர் ஒரு லாரி டயர் மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். வண்டியைப் பார்த்ததும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

நாலு மாதமாக அவர் கண்ணில் படாத வண்டி. அவருடைய மகளின் வண்டி.

ஓட்டி வந்தவன் மருமகன். சவரம் செய்து பல நாள் ஆன முகம். கடையில் கூட வேலை பார்க்கும், கண்ணாடியை வைத்து எல்லோரும் சோடாபுட்டி என்று கூப்பிடும் பையன், ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். மருமகன் உட்காரவில்லை. பழைய டயர்களையே திரும்ப மாட்டித் தரச் சொன்னான்.

ஏன் என்று கேட்டதற்குத் தயங்கித் தயங்கிச் சொன்னான். தினமும் வேலை விட்டு வரும்போது, பெட்ரோல் பங்குக்கு முன்னால் இருக்கும் வளைவில் வண்டியில் ஒரு விளக்கு எரிகிறதாம். பின் இடது டயரில் காற்று இல்லை என்று சொல்லும் விளக்கு. இறங்கிப் பார்த்தால் டயர் கல் மாதிரி நிற்கிறது. வளைவைத் தாண்டினால் விளக்கு தானாக அணைந்துவிடுகிறது. இரண்டு மெக்கானிக்கிடம் காட்டியாயிற்று. ஒயர் கோளாறு என்று ஒருத்தர் சொன்னார். மற்றவர் தலையைச் சொறிந்தார்.

"டயரை மாத்தினதிலேர்ந்துதான் எல்லாம் வந்துச்சு மாமா. பழசே இருந்துட்டுப் போகட்டும்."

கடைக்காரர் எந்த வளைவு என்று கேட்கவில்லை.

வாங்கும்போது அந்த வண்டியில் இருந்தவை ரன்-ஃபிளாட் டயர்கள். பக்கவாட்டு ரப்பர் தடியாக இருக்கும். பஞ்சர் ஆகிக் காற்று மொத்தமும் போனாலும், மெதுவாக ஓட்டி வீடு வந்து சேர்ந்துவிடலாம். அதனாலேயே அந்த வண்டிகளுக்கு ஸ்டெப்னி கிடையாது, ஜாக்கி கிடையாது, அவற்றை வைக்க இடமும் கிடையாது. ஆனால் டயர் ரொம்பக் கெட்டி. மகள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வருபவளுக்கு முதுகு வலி. ரோட்டில் ஒரு கல் கிடந்தாலும் முதுகெலும்பில் தெரிகிறது, கட்டில் காலைக் கழற்றிச் சக்கரமாக மாட்டியிருக்கிறார்களா என்று அப்பாவிடம் கேலியாகக் கேட்பாள். அவர்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலையும் கழற்றிவிட்டுச் சாதாரண டயர் மாட்டினார். மெத்தையில் போவது போலிருக்கிறது என்று போன் பண்ணிச் சொன்னாள். டிக்கியில் ஒரு ஸ்டெப்னி போட்டுவைக்க வேண்டும் என்று நினைத்தார். கடையில் காலை வைக்க இடமில்லாமல் ஸ்டெப்னி கிடந்தது. நாளைக்கு, நாளைக்கு என்று ஒன்பது நாள் போயிற்று.

பத்தாம் நாள் சாயங்காலம் பின் இடது பஞ்சர். அந்த வளைவில் வண்டிக்கு வெளியே, ஓரமாக நின்றுகொண்டிருந்தவள் மேல் லாரி ஏறியது. வண்டியில் ஒரு கீறல் இல்லை.

மருமகன் மறுபடியும் ஆரம்பித்தான். அவளைத் தூக்கிக்கொண்டு போன அன்றிலிருந்து அவன் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி.

"எதுத்தாப்புலயே பங்க் மாமா. இருநூறு அடி இருக்குமா? காத்து இல்லன்னா என்ன, உருட்டிக்கிட்டே போய் உள்ள நிறுத்தியிருக்கலாம்ல? அந்த வளைவுல போய் எதுக்கு நின்னா? அந்த அளவுக்குக்கூடவா புத்தி இல்ல அவளுக்கு?"

அந்தக் கோபத்தில் அவன் அவளுடைய போட்டோவைக்கூட இன்னும் சுவரில் மாட்டவில்லை. கடைக்காரர் எப்போதும் போலத் தரையைப் பார்த்தார். பிறகு, டயரை எடுத்து வருவதாகச் சொல்லிவிட்டுக் கடையின் பின்பக்கம் போனார்.

அங்கே பகலிலும் இருட்டு. தகரக் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மூலையில் நாலு டயரும் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்தன, அவர் கையாலேயே சாக்பீஸில் எழுதியபடி: முன் வலது, முன் இடது, பின் வலது. அடியில் பின் இடது.

முதலில் நெடிதான் வந்தது.

முப்பது வருஷம் ரப்பரோடு கிடந்தவர். பழைய டயரின் நெடி வேறு. இது ரோட்டில் ஓடிச் சூடேறி, இப்போதுதான் கழற்றிய டயரின் நெடி.

மேலே இருந்த மூன்றையும் ஒவ்வொன்றாக இறக்கினார். மூன்றும் குளிர்ந்திருந்தன. தூசி, ஒட்டடை.

நாலாவதில் தூசி இல்லை.

கையை வைத்தார். வெடுக்கென்று எடுத்துக்கொண்டார்.

சுட்டது.

நிமிர்த்தி வைத்தபோது உள்ளே ஏதோ சரசரவென்று சரிந்தது. கையை விட்டு அள்ளினார். டீத்தூள் மாதிரிக் கருப்பாக, ரப்பர்த் துருவல். காற்றில்லாத டயரை ஓட்டினால்தான் உட்புறம் இப்படி அரைபட்டு உதிரும். பத்துக் கிலோமீட்டர் ஓடினால் ஒரு சிட்டிகை இருக்கும். இங்கே இரண்டு கையும் நிறைந்து வழிந்தது. கழற்றிய அன்று இதன் உட்புறம் வழவழவென்று இருந்ததை அவரே தடவிப் பார்த்திருந்தார்.

அந்த வளைவிலிருந்து வீடு பன்னிரண்டு கிலோமீட்டர்.

சோடாபுட்டி எட்டிப் பார்த்தான். "யாருண்ணே இத ஓட்டினது? சும்மா கெடந்த டயரு நம்மளவிட ஊர் சுத்தியிருக்கு போலயே" என்று சிரித்துக்கொண்டே தொட்டான். சிரிப்பு நின்றது. கையைச் சட்டையில் துடைத்தபடி முன்பக்கம் போனவன், அன்று அதற்கு மேல் அந்த மூலைக்கு வரவேயில்லை.

அப்படித் தேய்ந்த டயரை அவர் வேறு யார் வண்டிக்கும் மாட்டமாட்டார். இதற்கு, மற்ற மூன்றையும் மாட்டிவிட்டு, அதையும் மாட்டினார். கெட்டி டயர், மெஷினில் வைத்தும் சக்கரத்தின் ரிம்மில் ஏற மறுத்தது. நெம்புகோலில் தொங்கி, முட்டியால் அழுத்தி ஏற்ற வேண்டியிருந்தது. காற்றடித்து, வால்வில் எச்சில் தொட்டு வைத்துப் பார்த்தார். குமிழ் வரவில்லை. கசிவு இல்லை. போல்ட்டை முறுக்கிவிட்டு, குந்திய வாக்கிலேயே, மருமகனைப் பார்க்காமல் சொன்னார்.

"நான்தான் நிக்கச் சொன்னேன்."

மருமகனுக்கு உடனே விளங்கவில்லை.

"போன் பண்ணினா. வண்டி ஒரு பக்கமா இழுக்குதுப்பா, மெதுவா பங்க் வரைக்கும் ஓட்டிடவான்னு கேட்டா. ஒரு அடிகூட உருட்டாத, ரிம் போயிடும், இறங்கி ஓரமா நில்லு, நான் வர்றேன்னு சொன்னேன். அவளுக்குப் புத்தி இருந்துச்சு. நான் சொன்னதைக் கேட்டா."

"ரிம்முக்காகவா?" என்றான் மருமகன்.

"வாய்ப் பழக்கம். தினமும் பத்துப் பேருகிட்ட சொல்றது. அவகிட்டயும் வந்துடுச்சு."

"நாலு மாசமா அவளைத் திட்டிக்கிட்டிருக்கேன். பக்கத்துலயே நின்னு கேட்டுக்கிட்டு இருந்தீங்க."

மருமகன் சாவியை மெஷின் மேல் வைத்துவிட்டு, மறுபடி விழத் தொடங்கிய தூறலில் நடந்தே போனான். மாமா என்று கூப்பிடவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை.

வெகு நேரம் கழித்துச் சாவியை எடுத்தார். வண்டியை அவன் வீட்டில் விட்டுவிட்டு வருவதாகச் சோடாபுட்டியிடம் சொன்னார். ஆனால் வண்டியை நேரே வீட்டுக்கு விடவில்லை, வளைவுக்கு விட்டார்.

வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. தூரத்தில் பங்கின் விளக்குகள் தெரிந்தன. வளைவில் திரும்பினார்.

விளக்கு எரிந்தது.

ஓரங்கட்டி இறங்கிப் பார்த்தார். சற்று முன் அவர் கையாலேயே காற்றடித்த டயர், காற்றில்லாவிட்டாலும் நிற்க வேண்டிய கெட்டி டயர், தரையோடு தரையாகச் சப்பிக் கிடந்தது.

ஒரு லாரி கடந்து போயிற்று. அதன் காற்றில் வண்டி ஆடியது. அந்தக் காற்று அடங்கியதும் ஆஸ்பத்திரி மருந்து நெடி வந்தது. வேலை முடிந்து வருபவளின் சேலையில் வரும் நெடி.

அவருக்குப் பயமாகத்தான் இருந்தது. அதோடு, நாலு மாதமாகத் தினமும் அந்தத் தடி டயரில் வீட்டுக்குக் கிளம்பியும், அவள் ஏன் திரும்பத் திரும்ப இந்த வளைவுக்கே வந்து நிற்கிறாள் என்பதும் அவருக்குத் தெரிந்தது. அப்பா உருட்டாதே என்று சொல்லியிருந்தார். அதற்குப் பிறகு அவர் வேறொன்றும் சொல்லவில்லை.

ஆளில்லாத ரோட்டோரத்தைப் பார்த்துச் சொன்னார்.

"பாப்பா. ரிம் போனா போகட்டும். ஏறு, ஓட்டிக்கிட்டே வீட்டுக்குப் போயிடலாம்."

ஒன்றும் நடக்கவில்லை. தூறல் விழுந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏறி, வண்டியை எடுத்தார். டயர் தப் தப்பென்று தரையில் அடித்தது. பத்தடி போயிருக்கமாட்டார்.

டிங். டிங். டிங்.

பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருப்பவர் பெல்ட் போடாவிட்டால் அடிக்கும் மணி. காலி இருக்கைக்கு அது அடிக்காது.

வண்டியை நிறுத்தினார். முகத்தைத் திருப்பத் தைரியம் வரவில்லை. ரோட்டையே பார்த்தபடி, எட்டி, கையால் துழாவி அந்தப் பக்கத்துப் பெல்ட்டை இழுத்தார். இழுக்க இழுக்க வந்தது. கொண்டுவந்து மாட்டினார்.

மணி நின்றது.

முதல் கியரில், ஒவ்வொரு பள்ளத்தையும் ஒதுக்கி, பங்கைத் தாண்டினார். அதன் வெளிச்சம் உள்ளே விழுந்தபோது ஒரு கணம் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டார்.

பெல்ட் இருக்கையோடு படிந்திருக்கவில்லை. ஒரு சாண் முன்னால், எதையோ அணைத்தாற்போல் வளைந்து நின்று, மெல்ல ஏறி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.