அம்மாவின் முதல் கேள்வி

எங்கள் அம்மாவிடம் அழுதுகொண்டு போய்ப் பயனே இல்லை. மற்ற அம்மாக்கள் "என்ன கண்ணு ஆச்சு?" என்று ஓடி வருவார்கள். எங்கள் அம்மா "எங்கே?" என்றுதான் கேட்பாள்.

ஒருமுறை தம்பி முழங்காலைப் பிடித்துக்கொண்டு அலறியபடி வந்தான்.

"எங்கே?" என்றாள் அம்மா.

"முழங்கால்ல!"

"அதான் தெரியுதே. எங்கே விழுந்தே?"

அவனுக்கு வலியைவிடக் கோபம்தான் அதிகமாக வந்தது.

அம்மாவின் வேலை அப்படி. எங்கள் ஊர் அவசர அழைப்பு மையத்தில் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். தீயோ விபத்தோ மாரடைப்போ, மக்கள் கூப்பிடுவது அங்கேதான். "பாதியில போன் கட்டானாலும், இடம் தெரிஞ்சா வண்டியை அனுப்பிடலாம்" என்பாள். தூக்கக் கலக்கத்தில் வீட்டுப் போனை எடுத்தால்கூட, "அவசர உதவி, எங்கேயிருந்து பேசறீங்க?" என்றுதான் வரும். ஒருநாள் மாமா அதைக் கேட்டுப் பயந்துபோய் போனை வைத்துவிட்டார்.

அந்தச் சனிக்கிழமை மதியம், என் புதுச் சட்டையை வாங்கிவரக் கீழ்வீட்டுத் தையல்கடைக்குப் போனேன். தையல் மிஷின் சத்தமே இல்லை. தையல்கார அத்தை தரையில் கிடந்தார். கூப்பிட்டேன், உலுக்கினேன். கண் திறக்கவில்லை.

வீட்டில் அப்பாவும் இல்லை. மேசைமேல் அத்தையின் செல்போன் இருந்தது, ஆனால் அதன் பூட்டைத் திறக்க எனக்குத் தெரியாது. பூட்டிய போனிலிருந்தும் அவசர எண்ணைக் கூப்பிடலாம் என்று அம்மா சொல்லியிருந்தது நல்லவேளை ஞாபகம் வந்தது.

"அவசர உதவி, எங்கேயிருந்து பேசறீங்க?"

அந்தக் குரல் எனக்குத் தெரியாதா! "அம்மா!" என்று கத்தினேன்.

"எங்கே இருக்கீங்க, சொல்லுங்க" என்றாள். அம்மா என்னை 'ங்க' போட்டுப் பேசியது அதுதான் முதல்முறை. அந்தக் குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. அதைக் கேட்டதும் என் பதற்றமும் குறைந்தது.

"நம்ம வீட்டுக்குக் கீழே, தையல்கடையில. அத்தை மயங்கிக் கிடக்கறாங்க."

"மூச்சு விடறாங்களா? நெஞ்சு ஏறி இறங்குதா பாருங்க."

"ஏறி இறங்குது."

"நல்லது. மெதுவா ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. வண்டி கிளம்பிடுச்சு. பெரிய ரோடு வழியா வந்துடும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அம்மா விடிவதற்கு முன்பே வேலைக்குப் போய்விட்டாள். குழாய் பதிக்கிறவர்கள் வந்து எங்கள் தெருமுனையைத் தோண்டிப் போட்டது அதற்குப் பிறகுதான்.

"அந்தப் பக்கம் வர முடியாதும்மா! தெருமுனையில பெரிய பள்ளம். பள்ளிக்கூடத்துப் பின்பக்கச் சந்து வழியா வரச் சொல்லு!"

படபடவென்று தட்டச்சுச் சத்தம் கேட்டது. "வழி மாத்தியாச்சு. லைன்லயே இருங்க."

அத்தையை ஒருக்களித்துப் படுக்கவைத்தேன். ஆனால் அந்தச் சந்து வளைந்து வளைந்து போகும். புதிதாக வருகிறவர்கள் சுற்றிச் சுற்றிப் பள்ளிக்கூடத்துக்கே வந்து நிற்பார்கள். வாசலில் தம்பியும் அவன் கூட்டாளிகளும் கிரிக்கெட் விளையாடிக் கொண்டிருந்தார்கள். ஜன்னல் வழியாகக் கத்தினேன்.

"டேய், ஓடுங்க! சந்துல திருப்பத்துக்கு ஒருத்தரா நில்லுங்க. ஆம்புலன்ஸ் வந்தா கை காட்டுங்க!"

"நான் இப்பதான் பேட்டையே பிடிச்சேன்!" என்றான் தம்பி.

"பேட்டோடயே ஓடுடா!"

எல்லோரும் பறந்தார்கள். கொஞ்ச நேரத்தில் சைரன் கேட்டது. வண்டி எந்தத் திருப்பத்திலும் தயங்காமல் கடை வாசலில் வந்து நின்றது. பேட்டால் வழி காட்டியவனைப் பார்த்து ஓட்டுநர் சல்யூட் அடித்தாராம்.

"வந்துட்டாங்கம்மா" என்றேன்.

"நல்லது. இனி போனை வைக்கலாம்" என்றாள். பிறகு மிக மெதுவாக, "என் தங்கமே" என்றாள்.

அத்தைக்குச் சர்க்கரை ரொம்பக் குறைந்துவிட்டதாம். ஊசி போட்டதும் கண் திறந்தார். என்னைப் பார்த்து, "உன் சட்டைக்கு இன்னும் பட்டன் வைக்கலையேடி" என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

சாயங்காலம் அம்மா வந்ததும் என்னை இறுகக் கட்டிக்கொண்டாள்.

"மையத்துல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்."

"என்னன்னு?"

"வண்டி வர்ற வழியில தடை ஏதாவது இருக்கான்னு தினமும் எல்லாரையும் கேக்கறவ, நம்ம தெருதானே, எனக்குத் தெரியாததான்னு இன்னைக்குக் கேக்காம விட்டுட்டேன். நான் கேக்காததை என் பொண்ணு தானாவே சொன்னான்னு சொன்னேன். எங்க மேலதிகாரி உன்னை எப்ப வேலைக்கு அனுப்பறீங்கன்னு கேக்கறார்!"

பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. முன்பின் தெரியாத எத்தனை பேருக்கு அம்மாவின் அந்த நடுங்காத குரல் தினமும் தைரியம் கொடுக்கிறது! அதை நினைத்தபோது இன்னும் பெருமையாக இருந்தது.

அப்போது உள்ளேயிருந்து தம்பியின் அலறல் கேட்டது. "அம்மா! அக்கா!"

நானும் அம்மாவும் ஒரே குரலில் கேட்டோம்.

"எங்கே?"