கீழே கயிறு பிடிப்பவர்

பெயர்தான் முதலாளி. இருபது வருடமாக மரம் வெட்டும் கம்பெனி நடத்துகிறவருக்கு வண்டி ஓட்டுவதும், ரம்பத்தைச் சாணை பிடிப்பதும், வெட்டிய இடத்தைக் கூட்டிப் பெருக்குவதும் சொந்த வேலைதான். கீழே கயிறு பிடிக்கும் ஆள் இடுப்பு பிடித்துப் படுத்து மூன்று வாரமாகிறது. அதனால் அதுவும் இப்போது அவர் தலையில். அன்று காலை அந்தப் பழைய வீட்டின் முன் வண்டியை நிறுத்தும்போதே தோள் இரண்டும் கழன்று விழுந்துவிடும் போலிருந்தது.

வீட்டுக்கார அம்மா பின்பக்கம் கூட்டிப்போனார். மரம் கூரைமேல் சாய்ந்து நின்றது. பாதிக் கிளைகளை எப்போதோ, யாரோ வெட்டியிருந்தார்கள். அடியில் வெயில் விழவில்லை. பூஞ்சை வாடை மூக்கிலேறியது.

"போன வருஷம் வந்தவங்க பாதியில விட்டுட்டுப் போயிட்டாங்க," என்றார் அந்த அம்மா. "கட்டை விழுந்து, கீழ கயிறு பிடிச்சவர் இங்கயே செத்துட்டார். மேல ஆள் இருக்கானேன்னு கடைசிவரைக்கும் அவர் கயித்தை விடவே இல்லை."

முதலாளி மரத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். ஆனாலும் ஒத்துக்கொண்ட வேலை. மேலே ஏறுகிறவன் அவர் மனைவியின் தம்பி.

"ஏறட்டுமா மாமா?"

"ஏறு மாப்ள. உள்ள பொந்தா இருக்கு, பாத்து."

வெட்டப்போகும் கிளையில் கட்டிய கயிறு, உச்சியிலுள்ள கப்பி வழியாக இறங்கி, அடிமரத்தை இரண்டு சுற்று சுற்றி முதலாளியின் கைக்கு வரும். சின்னக் கிளையைப் பிடித்து நிதானமாக இறக்கலாம். பெரிய கட்டையென்றால் கயிற்றை ஓடவிட வேண்டும். சட்டென்று பிடித்து நிறுத்தினால் அந்த வெடுக்கென்ற இழுப்பில் பொந்து மரம் ஆளோடு முறியும்.

முதல் கிளை லேசாக இறங்கியது. இரண்டாவது அதைவிட லேசு. அவர் முதுகுக்குப் பின்னால் யாரோ கயிற்றைச் சேர்த்துப் பிடித்து, வேலை தெரிந்த கையால் அளந்து அளந்து விட்டார்கள். சொல்ல வெட்கம்தான், ஆனால் சுகமாக இருந்தது. மூன்று வாரத்தில் முதல் முறையாகத் தோள் வலிக்கவில்லை. அந்த அம்மாவாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

அந்த அம்மா எதிரே, ஜன்னலுக்குள் நின்றிருந்தார்.

"மாமா, அடுத்தது பெரிய கட்டை! ஓட விட்டுருங்க!"

"இருடா, இருடா!"

ரம்பத்தின் இரைச்சலில் அது மேலே எட்டவில்லை. கட்டை அறுந்தது. முதலாளி பிடியைத் தளர்த்தினார்.

கயிறு ஓடவில்லை.

மரம் அடியிலிருந்து உச்சிவரை குலுங்கி, உள்ளே எங்கோ படபடவென்று நெரிந்தது.

"விடுங்க மாமா! ஏன் பிடிக்கிறீங்க?"

"நான் பிடிக்கலடா!"

திரும்பிப் பார்த்தார். தரையில் கிடக்க வேண்டிய மீதிக் கயிறு இடுப்பு உயரத்தில் விறைத்து நின்றது. அங்கே யாரும் இல்லை.

"விட்டுருப்பா," என்று கிசுகிசுத்தார். "மேல என் பொண்டாட்டியோட தம்பி இருக்கான்."

கயிறு இன்னும் இறுகியது.

இடுப்பிலிருந்த கைரம்பத்தை உருவி, கயிற்றை அறுத்தார். கட்டை முற்றத்தில் விழுந்து வெடித்தது. மேலே மச்சினன் மரத்தைக் கட்டிப்பிடித்தபடி உயிரோடு இருந்தான். அவர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

அவர்களும் வேலையைப் பாதியில்தான் விட்டார்கள். கயிற்றை எடுக்கக்கூட அவர் குனியவில்லை.

"உங்களுக்கு வயசாயிருச்சு மாமா," என்றான் மச்சினன் வண்டியில். அவர் சாலையைப் பார்த்து ஓட்டினார். என்ன சொன்னாலும் சாக்கு என்பான்.

நான்கு நாள் கழித்து வேறு ஊரில், சாலையோரத்தில், நல்ல வெயிலில் ஒரு வேலை. நேராக நிற்கும் மரம், கடையில் அன்றுதான் வாங்கிய கயிறு. அந்த வீட்டுப் பேச்சு அந்த வீட்டோடு போகட்டும் என்று முதலாளி மனசைத் தேற்றிக்கொண்டு கயிற்றைப் பிடித்தார்.

முதல் கிளை அறுந்தது. பாரமே இல்லை.

மெதுவாக விரல்களைப் பிரித்தார். பிறகு இரண்டு கைகளையும் கயிற்றிலிருந்து எடுத்துவிட்டார்.

கிளை நடுவானத்தில், அசையாமல் தொங்கியது.

"அப்படித்தான் மாமா!" மேலிருந்து மச்சினன் சந்தோஷமாகக் கத்தினான். "இப்பதான் பழைய மாதிரி பிடிக்கிறீங்க!"