நானூறு காட்டிய பெட்டி

"எங்க சித்தி, அப்பா ரெண்டாவதா கட்டினவங்க, அவருக்குப் பால்ல என்னமோ கலந்து குடுக்கறாங்க சார். நாளைக்குப் போலீஸுக்குப் போறேன். அதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவை வந்து பாக்கணும்" என்றார் செல்போன் ரிப்பேர்காரர். துப்பறிவாளர் கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் அவருடைய மைத்துனன் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றான்.

ரிப்பேர்காரர் வீட்டுப் படுக்கையறையில் அவருடைய அப்பா கண் திறந்தபடி அரைமயக்கத்தில் கிடந்தார். ஜன்னல் ஓரமெல்லாம் டேப், கதவடியில் துணி.

"குளிருக்கு ஜன்னலைச் சாத்தினப்புறம்தான் தலைவலி, மயக்கம் எல்லாம். சித்தி திறந்து திறந்து விடுவாங்க. குளிர்லயே போய்ச் சேரட்டும்னு நெனச்சாங்க போல. டேப் ஒட்டிட்டேன். இப்ப அவங்களை உள்ளயே விடறதில்லை. சமையலும் நான்தான், காவலுக்கு இங்கயே படுத்துக்கறேன். அப்படியும் மோசமாயிட்டேதான் இருக்கு."

"உங்களுக்கு எப்படி இருக்கு?" என்று ரிப்பேர்காரரைக் கேட்டார் துப்பறிவாளர்.

"காலைல மண்டை பிளக்குது. எல்லாம் கவலைதான்."

"காத்துல ஏதாவது கோளாறா மாமா?" என்றான் மைத்துனன்.

ரிப்பேர்காரர் மேசையிலிருந்த பெட்டியைக் காட்டினார். மைக்ரோகன்ட்ரோலர் என்னும் குட்டிக் கணினிப் பலகை, அதோடு கார்பன் டை ஆக்சைடு சென்சார், சின்னத் திரை. 412 என்றது.

"இங்கயே உக்காந்து நானே பண்ணினது. காத்துல பத்து லட்சம் பங்குக்கு கார்பன் டை ஆக்சைடு எத்தனை பங்குன்னு காட்டும். வெளிக்காத்துலயே நானூறுக்கு மேல இருக்கும். மொதல்ல ஆயிரத்துக்கு மேல காட்டுச்சு, அப்புறம் தானா சரியாயிருச்சு."

"அப்போ காத்து சுத்தம்! பால்தான் மாமா!"

"நீ கொஞ்சம் வாயை மூடு. காத்தாவது மிச்சமாகும்" என்று சொல்லிவிட்டு, துப்பறிவாளர் பெட்டியைப் பவர் பேங்கோடு தெருவுக்குக் கொண்டுபோனார். எண் இறங்கியது. முந்நூறு, இருநூறு, இன்னும் கீழே.

"உலகத்துல எங்கயுமே இல்லாத சுத்தமான காத்து உங்க தெருவுல மட்டும் அடிக்குதா?"

ரிப்பேர்காரர் பெட்டியை வாங்கித் தட்டிப் பார்த்தார்.

"இந்தச் சென்சார், தான் பாத்ததுலயே குறைஞ்ச அளவை வெளிக்காத்துன்னு நம்பித் தன்னைத் தானே திருத்திக்கும். இது வெளியவே வந்ததில்லை. அடைச்ச ரூம் காத்துதான் இதுக்கு நானூறு. தானா சரியாகலைங்க, தப்பாப் பழகிடுச்சு. சித்தி கைபடாத சாப்பாட்டைச் சாப்பிட்டும் அப்பாவுக்கு மோசமாச்சு. அதே ரூம்ல படுத்த உங்களுக்கும் தலைவலி. ரெண்டு பேரும் விட்ட மூச்சையே திரும்ப இழுத்திருக்கீங்க. மொதல்ல ஜன்னலைத் திறங்க, உடனே டாக்டரைக் கூப்பிடுங்க."

"அப்போ அப்பாவை இப்படி ஆக்கினது நானா?"

இல்லை என்று சொல்ல துப்பறிவாளருக்கு ஆசையாகத்தான் இருந்தது. சொல்லாமல் படுக்கையறைக்குத் திரும்பி ஜன்னல் டேப்பைக் கிழிக்க ஆரம்பித்தார்.

டேப்பைக் கிழிக்கும் சத்தம் கேட்டுச் சித்தி சமையலறையிலிருந்து வந்தார். யாரையும் கேட்காமல் உள்ளே போய் ஜன்னலை அகலத் திறந்தார். கிழவரின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். ரிப்பேர்காரர் அருகில் போய், "சித்தி..." என்று ஆரம்பித்தார்.

"இத்தனை நாளா என்னைக் கொலைகாரியாப் பாத்த கண்ணை அந்தப் பக்கம் திருப்பிக்கப்பா" என்றார் சித்தி. "அவருக்குத் துணி மாத்தணும்."