ஒரு சாண் இடைவெளி

விபத்து ஆய்வாளரை ஊரே 'டேப்பு' என்றுதான் கூப்பிடும். அளந்து பார்க்காமல் அவர் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார் என்பது கூடவே அலையும் போட்டோக்காரரின் கிண்டல். அன்று காலை அவருடைய அறைக்குள் ஒரு பெண் விறுவிறுவென்று நுழைந்தாள்.

"சார், என் தங்கச்சி காரை ஓட்டவே இல்லை. ஓட்டினது என் வீட்டுக்காரர்தான்னு என் மனசு அடிச்சுச் சொல்லுது. அவரோ, அவதான் ஓட்டினான்னு சத்தியம் பண்றார்."

நடந்தது இதுதான். முந்தாநாள் மதியம் முன்னால் போன லாரி நின்றது. பின்னால் வந்த கார் நிற்காமல் லாரியின் வாலுக்கடியில் போய்ச் சொருகிக்கொண்டது. காரில் இரண்டே பேர். பதினெட்டு வருடமாக டிரைவிங் ஸ்கூல் நடத்தும் கணவர் கீறலோடு தப்பிவிட்டார். தங்கைக்குத் தலையில் அடி. அன்றைய நினைவே இல்லை. லாரிக்காரர் இறங்கி ஓடி வருவதற்குள் கணவரே அவளைக் காரிலிருந்து வெளியே தூக்கிக் கிடத்தியிருந்தார். அவளுக்குப் பஸ் ஓட்டும் வேலை கிடைத்திருந்தது, திங்கட்கிழமை சேர வேண்டும். விபத்து அவள் பேரில் பதிவானால் அந்த வேலை போச்சு!

"எங்க குடும்பத்துல பஸ் ஓட்டப்போற முதல் பொண்ணு சார் அவ. அவ பேர் கெட்டா நான் எப்படி நிம்மதியாத் தூங்குவேன்?"

போட்டோக்காரருக்கு இருப்புக்கொள்ளவில்லை. "அண்ணே, நேராப் போய் அந்த ஆளைப் பிடிச்சு உலுக்கிடலாமா?"

"முதல்ல காரைப் பார்ப்போம்யா."

பட்டறையில் கார் முகம் நசுங்கிக் கிடந்தது. ஸ்டீயரிங் உள்பக்கமாகத் தள்ளப்பட்டிருந்தது. வலப்பக்கத்து ஓட்டுநர் சீட் எவ்வளவு முடியுமோ அவ்வளவு முன்னால் நகர்ந்திருந்தது.

"தங்கச்சி குள்ளமாம்ணே. அப்ப அவதான் ஓட்டினாளோ?" போட்டோக்காரரின் முகம் தொங்கிப்போயிற்று.

டேப்பு அளவு நாடாவை இழுத்து அளந்தார். சீட்டின் முதுகுக்கும் ஸ்டீயரிங்குக்கும் நடுவே ஒரு சாண்கூடத் தேறவில்லை.

அங்கிருந்து ஆஸ்பத்திரி. தங்கையின் இடது தோள்பட்டை எலும்பு முறிந்திருந்தது. அந்தத் தோளிலிருந்து வலது இடுப்புவரை பெல்ட் அழுத்திய கன்றல். விலா எலும்புகள் எல்லாம் பத்திரம் என்றார் டாக்டர். அக்காவையும் அவள் கணவரையும் டேப்பு அந்தக் கட்டிலருகேயே வரவழைத்தார்.

"சார், சட்டைக் காலரைக் கொஞ்சம் விலக்குங்க."

கணவர் தயங்கினார். அக்கா விடுவாளா? அவளே விலக்கினாள். வலது தோளில் கன்றிய பட்டை தெரிந்தது.

"ஓட்டுறவங்களுக்கு பெல்ட் வலது தோள்மேல வரும். பக்கத்துல இருக்கறவங்களுக்கு இடது தோள்மேல," என்றார் டேப்பு.

"சீட் முன்னாடி இருந்துச்சே?" என்றார் கணவர்.

"அங்கேதான் மாட்டிக்கிட்டீங்க. ஸ்டீயரிங் உள்ளே வந்தப்ப அந்தச் சீட்டுல ஆள் இருந்திருந்தா நெஞ்சு நசுங்கியிருக்கும். இந்தப் பொண்ணுக்கு ஒரு விலாகூட முறியலை. அப்ப சீட் நகர்ந்தது மோதினதுக்கு அப்புறம். வேற ஆளா இருந்தா சீட்டைத் தொடணும்னே தோணியிருக்காது. குள்ளமான ஆள் ஓட்டணும்னா முதல்ல சீட்டை முன்னால தள்ளணும்னு பதினெட்டு வருஷமாப் பழகின கை உங்களோடது."

"அடேங்கப்பா!" என்றார் போட்டோக்காரர், தானே கண்டுபிடித்த மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

கணவர் நாற்காலியில் சரிந்தார். "ஃபோனைக் குனிஞ்சு பார்த்தேன். ஒரே ஒரு நொடி. இத்தனை வருஷப் பேர் போயிடுமேன்னு பயந்துட்டேன்."

தங்கை தலையணையிலிருந்து மெல்லத் திரும்பினாள். "நான் ஓட்டியிருந்தா இடிச்சிருக்கவே மாட்டேன் மாமா. லாரிக்குப் பின்னால எவ்வளவு இடம் விடணும்னு நீங்கதானே சொல்லிக்குடுத்தீங்க?"

அவர் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். ஓட்டியது தான்தான் என்று டேப்பிடம் எழுதிக் கொடுப்பதாக முனகினார். அக்கா அவர் பக்கம் திரும்பவே இல்லை. ஃபோனை எடுத்து பஸ் டிப்போவின் எண்ணை அழுத்தினாள். தலை நிமிர்ந்திருந்தது, கண் கலங்கியிருந்தது.

"வணக்கம் சார். உங்க புது டிரைவரோட அக்கா பேசுறேன். திங்கட்கிழமை அவளால வர முடியாது, எலும்பு கூடணும். ஆனா கண்டிப்பா வருவா. அவ வண்டியை வேற யாருக்கும் குடுத்துடாதீங்க."