துண்டு போட்ட நினைவு

சடையப்பன் அன்றைக்கு இரண்டு இடத்தில் இருந்தார். கரூர் வீட்டுக் கூடத்தில் பெண் கேட்டு வந்தவர்களுக்கு எதிரே ஒருவர். “அவளையும் ஒரு வார்த்தை கேட்டுடுங்க” என்று மனைவி பரிமளா கடைசி நேரத்தில் சொன்னதால், கோவை விடுதி வாசலில் மகள் வான்மதிக்கு எதிரே இன்னொருவர். ஒருவரே பல உடம்பாய்ப் பிரிந்து போகும் கிளைமேனி வந்தபிறகு இதில் யாருக்கும் ஆச்சரியம் கிடையாது. உடம்பு எத்தனை ஆனாலும் நினைவு ஒன்றுதான். அது களஞ்சியத்தில் இருக்கும்.

ஆரம்பத்தில் பெரிய குழப்பம். ஒரே நினைவில் இரண்டு கிளையும் எழுதப் போய், தன் கல்யாணத்துக்குத் தானே வரவில்லை என்று ஒருவர் இன்னமும் வருத்தப்படுகிறார். அதனால்தான் துண்டு முறை. பஸ் சீட்டில் போடுகிறோமே, அதேதான். ஒரு நினைவைத் தொடும் கிளை அதன்மேல் துண்டு போட்டுவிடும். எடுக்கிறவரை மற்றது காத்திருக்க வேண்டும்.

கூடத்துச் சடையப்பன் ‘மகள் கல்யாணம்’ மேல் துண்டு போட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

“பொண்ணுக்குச் சம்மதம்தானுங்களே?” என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

‘மகள் விருப்பம்’ என்ற நினைவைப் பார்க்கப் போனார். அதன்மேல் கோவைச் சடையப்பனின் துண்டு கிடந்தது. “எனக்கு ஜோசப்பைத்தான்பா பிடிச்சிருக்கு” என்று வான்மதி அங்கே அப்போதுதான் சொல்லியிருந்தாள். அதை எழுதி, கூடவே கல்யாணப் பேச்சையும் நிறுத்தவேண்டும். கோவைக்காரர் ‘மகள் கல்யாணம்’ பக்கம் போனால், அதன்மேல் கூடத்துத் துண்டு.

இருவரும் வாயைத் திறந்தபடி நின்றுபோனார்கள். பதினொரு நிமிடம்.

“என்னங்க, பேசுங்க. காபி ஆறிப்போச்சு,” பரிமளா விலாவில் இடித்தாள்.

“விடுங்கம்மிணி, நிதானமான மனுசருங்க,” என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

இப்படி முட்டிக்கொண்டால், பிந்திக் கிளம்பிய கிளையைக் களஞ்சியமே கலைத்துவிடும். அது எழுதி முடிக்காதது எல்லாம், அது கிளம்பிப் போனது உட்பட, அழிந்துவிடும். விடுதி வாசலில் செருப்பு மட்டும் மிஞ்சியது. ‘மகள் விருப்பம்’ போன வருஷ நிலைக்குத் திரும்பியது. கூடத்துச் சடையப்பன் படித்துப் பார்த்தார்: “படிப்பு முடியட்டும்பா, அப்புறம் உங்க இஷ்டம்.”

படிப்பு போன மாசமே முடிந்துவிட்டது.

“வான்மதி என்ன சொன்னா?” பரிமளா காதில் கேட்டாள்.

“நம்ம இஷ்டமாம்.”

தட்டு மாற்றினார்கள். சடையப்பன் துண்டை எடுத்ததுமே வான்மதி போனில் வந்தாள்.

“அப்பா, பேசிட்டிருக்கும்போதே எங்க போனீங்க? அவங்களை அனுப்பிட்டீங்களா?”

“தட்டே மாத்தியாச்சும்மா.”

“சரின்னு சொன்னீங்களேப்பா. என் கையைப் பிடிச்சிட்டு அழுதீங்களே!”

சடையப்பனுக்கு ஒன்றும் புரியவில்லை. கண்ணைத் தொட்டுப் பார்த்தார். உலர்ந்துதான் இருந்தது.

“ஜோசப்கிட்ட நான் என்னப்பா சொல்வேன்?”

“யாரும்மா ஜோசப்?” என்றார் அவர்.