தொட்டி போட்ட வேஷம்

எங்கள் தெருவில் போன் பேசுவது லேசுப்பட்ட வேலை இல்லை. மொட்டை மாடிக்கு ஓடி, கைப்பிடிச் சுவர்மேல் சாய்ந்து கத்தினால்தான் பாதியாவது கேட்கும். அப்படிப்பட்ட தெருவில் ஒரு நாள் எல்லோருடைய போனிலும் சிக்னல் நிரம்பி வழிந்தது. சந்தோஷப்பட வேண்டியதுதானே? மாட்டார்களே!

"இதுல ஏதோ இருக்கு," என்றார் மருந்துக்கடை மாமா. "யாரோ திருட்டுத்தனமா டவர் வச்சிருக்காங்க."

"வச்சா என்ன மாமா?" என்று கேட்டேன்.

"பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துல டவர் வைக்கக் கூடாது. தெருக்காரங்களைக் கேக்காமலும் வைக்கக் கூடாது. நகராட்சி விதி!"

பள்ளிக்கூடம் எங்கள் வீட்டுச் சுவரை ஒட்டியே இருக்கிறது. மணி அடிக்கும்போது கிளம்பினாலும் நான் நேரத்துக்குப் போய்விடுவேன்.

அன்றிலிருந்து எல்லோரும் அண்ணாந்து பார்த்தபடியே நடந்தார்கள். பால்காரர் அப்படி நடந்து தன் சைக்கிள் மீதே மோதிக்கொண்டார். கடைசியில் எல்லோருடைய கண்ணும் தையல்கார அத்தை வீட்டு மாடியில் போய் நின்றது. அங்கே உயரமான ஓர் இரும்புக் கம்பம் புதிதாக முளைத்திருந்தது.

"நாடக மேடைக்குத் திரை தைக்கிறேங்க," என்றார் அத்தை. "நனைச்சுக் காயப்போட்டுத்தான் தைக்கணும். நீளமான துணி, கொடியில கொள்ளல."

"துணி காய இவ்வளவு உசரமா?" மாமா கண்ணைச் சுருக்கினார்.

யாரும் நம்பவில்லை. அத்தையிடம் புதுத் துணி கொடுக்க ஆள் வரவில்லை. ஏற்கெனவே கொடுத்தவர்களும் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். ஒருவர், ஒரு கை மட்டும் தைத்திருந்த சட்டையை அப்படியே பிடுங்கிக்கொண்டு போனார்!

அத்தையின் மகள் என் உயிர்த்தோழி. அவளுக்குப் பொத்தான் என்றும், கேள்வி கேட்டே ஆளை மாட்டிவிடும் எனக்குக் கொக்கி என்றும் பட்டப்பெயர் வைத்ததே அத்தைதான்.

"வேற ஊருக்குப் போயிடலாமான்னு அம்மா யோசிக்கிறாங்கடி," என்றாள் பொத்தான்.

அந்த வாரம் பார்த்துக் குழாயில் தண்ணீர் நின்றுபோனது. அம்மா பக்கெட்டும் கையுமாகத் தண்ணீர் லாரிக்கு ஓடினார்.

"ஏம்மா, அப்பா மாடியில புது டேங்க் வச்சாரே, அதுல தண்ணி இல்லையா?"

"உங்கப்பாவையே கேளு. பாசி பிடிச்சிருக்காம். புது டேங்க்ல அதுக்குள்ள பாசியாம்! டேங்க் வச்சும் பக்கெட் தூக்கணும்னு என் தலையெழுத்து."

அப்பா என் முகத்தைப் பார்க்கவில்லை. "கடைக்குப் போயிட்டு வரேன்," என்று அவசரமாகக் கிளம்பினார். அம்மாவின் செருப்பை மாட்டிக்கொண்டு!

சந்தேகம் வந்துவிட்டால் எனக்கு இருப்புக் கொள்ளாது. மாடிக்கு ஏறினேன். அந்தக் கறுப்புத் தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். தண்ணீர் வரவும் குழாய் இல்லை, போகவும் குழாய் இல்லை. அடியிலிருந்து தடித் தடியாக ஒயர்கள்தான் இறங்கின. தட்டினேன். டொம் டொம் என்றது. காதை வைத்தேன். உள்ளே ஏதோ 'ம்ம்ம்' என்று முனகியது.

டவர் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது!

மருந்துக்கடை மாமாவிடம் ஓடிப் போய்ச் சொல்லிவிடலாமா? நுனி நாக்கு வரை வந்துவிட்டது. ஆனால், அப்பா ஆயிற்றே. அவர் திரும்பி வந்ததும் மாடிக்கு இழுத்துப் போனேன்.

"அப்பா, இது டவர்தானே?"

அப்பா சுற்றுமுற்றும் பார்த்தார். "மெதுவாப் பேசும்மா. கம்பெனிக்காரங்க வாடகை தர்றாங்க. அனுமதியெல்லாம் அவங்களே பாத்துக்கறாங்களாம். இதால கெடுதல் ஒண்ணும் இல்லைன்னுதான் சொன்னாங்க."

"கெடுதல் இல்லைன்னா அதுக்கு எதுக்குப்பா டேங்க் வேஷம்?"

அப்பா தொட்டியைப் பார்த்தார். பள்ளிக்கூடச் சுவரைப் பார்த்தார்.

"தெருக்காரங்களைக் கேட்டீங்களா?"

"கேட்டா வேணாம்னுடுவாங்களே..."

"நீங்க செஞ்சதுக்கு அத்தை ஊரை விட்டே போகப் போறாங்கப்பா. பொத்தான் இல்லாம நான் என்ன பண்ணுவேன்?" அழுதுவிட்டேன்.

அதே நேரம் கீழே ஒரே கூச்சல். மருந்துக்கடை மாமா ஆட்களோடு அத்தை வீட்டு வாசலில் நின்றிருந்தார்.

"கம்பத்தை நீங்க இறக்கறீங்களா, நாங்க இறக்கட்டுமா?"

பொத்தான் அத்தைக்குப் பின்னால் ஒளிந்திருந்தாள். அப்பா அதைப் பார்த்தார். விறுவிறுவென்று படியிறங்கிப் போனார்.

"அவங்களை விடுங்க! டவர் என் மாடியிலதான் இருக்கு. அந்த டேங்க்குக்குள்ள. தப்பு என்னோடது."

முதலில் வாயைத் திறந்தது அம்மாதான்.

"அப்போ... பாசி?"

பாவம் அப்பா, அதற்கு அவர் என்ன சொல்லுவார்! மருந்துக்கடை மாமாவும் அத்தையின் முகத்தைப் பார்க்க முடியாமல் தன் போனையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நகராட்சி ஆட்கள் வந்து வேஷத் தொட்டியை இறக்கினார்கள். சிக்னலும் கூடவே போய்விட்டது. டவர் வேண்டுமா, வேண்டுமென்றால் பள்ளிக்கூடத்தைத் தாண்டி எங்கே வைப்பது என்று இப்போது தெருவே கூடிப் பேசுகிறது. கத்திக் கத்தித்தான்.

மறுநாள் காலையில் அப்பா ஒரு சட்டைத் துணியோடு அத்தை வாசலில் போய்த் தயங்கி நின்றார். நானும் பொத்தானும் கதவுக்குப் பின்னாலிருந்து பார்த்தோம். அத்தை துணியை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். பிறகு அளவு நாடாவை எடுத்தார்.

"ம்... கையைத் தூக்குங்க."

அப்பா பிடிபட்ட திருடனைப் போல இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கினார். அத்தை அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"அவ்வளவு உசரம் வேணாம்ங்க," என்றார் அத்தை. "அப்புறம் மருந்துக்கடைக்காரர் உங்களையும் டவர்னு சொல்லிடுவாரு!"