தைத்த வாய்

மோர்ச்சோற்றை அள்ளி வாயில் வைத்தபோது நாக்கில் ஒரு நூல் தட்டுப்பட்டது. இலையிலிருந்து வந்த வாழை நாராக இருக்கும் என்று நினைத்துத் தாணுமாலயன் விரலை விட்டு அதன் நுனியைப் பிடித்து இழுத்தான். வந்தது. இன்னும் இழுத்தான், இன்னும் வந்தது. மறு நுனி சோற்றில் இல்லை. கீழ் உதட்டின் உள்பக்கம், ஈறு தொடங்குகிற இடத்தில் எங்கேயோ இருந்தது. இழுக்க இழுக்க அங்கே சதையும் கூடவே எழும்பியது. கடைசியில் சுரீரென்ற வலியோடு அது விடுபட்டு விரலில் சுருண்டுகொண்டது. கறுப்பு நூல். முகர்ந்து பார்த்தான். நனைந்த பாசியும் அழுகின வெள்ளரிக்காயும் சேர்ந்த வாடை. வாயிலிருந்த சோற்றை இலையிலேயே துப்பினான்.

"என்னங்க, முடி கிடக்கா?" என்றாள் சண்முகசுந்தரி. நிறைமாத வயிறு இறங்கிவிட்டது, நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள்.

"ஒண்ணுமில்ல. நார்."

ஆனால் அந்த நூலை அவனுக்குத் தெரியும்.

தென்காசி ரத வீதியில் முன்பக்கம் ஸ்டுடியோ, பின்பக்கம் வீடு. கல்யாணப் படமும் பள்ளிக்கூடப் படமும் எடுத்துக்கொண்டிருந்தவனுக்குச் சென்னைப் பதிப்பாளர் ஒருவரிடமிருந்து அந்த வேலை வந்திருந்தது. மலையில் வாழும் ஊர்வனவற்றை அவை வாழும் இடத்திலேயே படம் பிடிக்க வேண்டும். ஒவ்வொரு படத்தின் அடியிலும் அவன் பெயர் அச்சாகும். பல்லியைப் பார்த்தாலே குமட்டுகிறவன் அவன். ஆனாலும் ஒப்புக்கொண்டான். ஓணான் அசையாமல் இருப்பதற்காக அதன் வாயில் மூக்குப்பொடி திணித்தான். உடும்பின் கால்களைச் சருகுக்கு அடியில் கயிற்றால் கட்டினான். அச்சில் பார்த்தால் எல்லாம் வெயிலில் சுகமாகக் கிடப்பதுபோல் இருந்தன.

மூங்கில் விரியன்தான் பாக்கி இருந்தது. சாரல் பிடித்த ஆனி மாதத்தில், குற்றாலத்துக்கு மேலே செண்பக அருவிக்குப் போகும் பாதையில், விறகு வெட்டும் சொரிமுத்து அதைக் காட்டிக்கொடுத்தான். தாழ்ந்த கிளை ஒன்றில் இலையோடு இலையாகச் சுற்றிக் கிடந்தது.

"கிட்டக்கப் போவாதீங்க அண்ணாச்சி. மாமியா வீட்டுல விருந்து தின்ன மாப்பிள்ளை கணக்கா தூங்குத மாதிரி இருப்பான். இருட்டுலயும் உடம்புச் சூட்டை வச்சே இரையைக் கண்டுக்கிடுவான். கொத்துனா கை அழுகிரும்."

"கிட்டக்கப் போனாத்தாம்லே கண்ணு தெளிவா விழும். தலையை அமுக்கிப் பிடி. வாயைத் தைச்சிருதேன்."

சொரிமுத்து சிரித்தான். "போட்டோ புடிக்க வந்தீயளா, தையக்கடை போட வந்தீயளா? பேசாம ஒரு அடி. செத்ததைக் கிளையில சுத்தி வச்சா சோலி முடிஞ்சுது."

"வாயைக் கழுவுலே. வீட்டுல அவ புள்ளத்தாச்சியா இருக்கா."

மனைவி கர்ப்பமாக இருக்கும்போது புருஷன் பாம்பை அடிக்கக் கூடாது. ஊரில் எல்லாரும் காப்பாற்றுகிற கட்டுப்பாடு அது. கல்யாணமாகி வெகுகாலம் கழித்து உண்டான பிள்ளை என்பதால் தாணுமாலயன் அதில் இன்னும் கண்டிப்பாக இருந்தான். அடிப்பதுதானே கூடாது. தைப்பது அடிப்பதாகாது.

கவட்டைக் குச்சியால் சொரிமுத்து அழுத்திக்கொள்ள, அவன் ஊசியை ஏற்றினான். மேலுதட்டுச் செதிலைத் துளைத்துக் கீழுதட்டில் இறங்கும்போதெல்லாம் நறுக்கென்று ஒரு மெல்லிய சத்தம் கேட்டது. பாம்பு வாலை முறுக்கி அவன் மணிக்கட்டில் எதையோ பீய்ச்சியது. அழுகின வெள்ளரிக்காய் வாடை அதுதான். படம் நன்றாகவே வந்தது. கறுப்பு நூல் உதட்டு நிழலோடு போய்விட்டது.

"தையலைப் பிரிக்க வேண்டாமா அண்ணாச்சி?"

"பிரிக்கும்போது கொத்துச்சுன்னா? விடுலே. உசிரோடதான இருக்கு."

அன்று வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னதும் சுந்தரி முதலில் கேட்டது அதைத்தான். "தைச்ச வாயைப் பிரிச்சு விட்டீயளா? பாவம், அதுக்கும் தாகம் எடுக்கும்லா."

"பிரிச்சு விட்டுட்டுத்தான் வந்தேன்."

அவள் கண்ணை மூடிக் குற்றாலநாதரைக் கும்பிட்டாள்.

நூல் வந்த நாளுக்குப் பிறகு அவனால் எதையும் விழுங்க முடியவில்லை. சோறு புழுப்போல் நெளிவதாகத் தோன்றியது. காலையில் உதடுகள் ஒட்டிக்கொண்டிருந்தன. வெந்நீர் தொட்டுப் பிரித்தால் தோல் ஈரக் காகிதமாக உரிந்து வந்தது. கண்ணாடியில் பார்த்தான். மேலுதட்டு ஓரத்தில் வரிசையாகச் சின்னச் சின்னத் துளைகள். அவற்றுக்கு நேர் கீழே, கீழுதட்டிலும்.

ஒரு நாள் மத்தியானம் இருட்டறையில் சிவப்பு விளக்கையும் அணைத்துவிட்டு பிலிமைச் சுற்றிக்கொண்டிருந்தான். ஓட்டின் மேல் சாரல் நசநசவென்று விழுந்துகொண்டிருந்தது. படம் கழுவும் ஹைப்போ மருந்தின் நெடியையும் மீறி மணிக்கட்டிலிருந்து அந்த வாடை வந்தது; எத்தனை சோப்புப் போட்டும் போகாத வாடை. திடீரென்று கன்னத்தில் ஒரு சூடு பட்டது. தணலுக்கு முன்னால் முகத்தைக் காட்டியதுபோல. சூடு நகர்ந்தது. கண்ணால் பார்க்காமலே அது எங்கே போகிறது என்று அவனுக்குத் தெரிந்தது. சாத்திய கதவுக்கு வெளியே வந்து நின்றது.

"காப்பி வச்சிருக்கேங்க."

சுந்தரி. அந்தச் சூட்டுக்குள்ளே இன்னொரு சூடு. சின்னது. அவசரமாகத் துடிப்பது. சுருண்டு கிடப்பது.

அவனுக்கு வாயில் எச்சில் ஊறியது.

அந்தச் சூடு அடுக்களைப் பக்கம் நகரும்வரை கதவைத் திறக்கவில்லை. அப்புறம் கத்தரிக்கோலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு குற்றாலம் பஸ்ஸில் ஏறினான். தையலை வெட்டிவிட்டால் போதும். எல்லாம் சரியாகிவிடும். பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. பஸ்ஸில் அருவிக் குளியலுக்கு எண்ணெய் தேய்த்த உடம்புகள். ஒவ்வொன்றும் ஒரு சூடு. துண்டால் முகத்தை மூடிக்கொண்டான்.

பாம்பு அதே கிளையில் இருந்தது. உயிரோடு இருந்தது. பச்சை வெளுத்து, வற்றிய கொடிபோல் முதுகெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. தையல் போட்ட இடமெல்லாம் உப்பிச் சீழ் கட்டி, நூலின் மேல் எறும்புகள் போய் வந்துகொண்டிருந்தன. இலையிலிருந்து ஒரு மழைத்துளி அதன் மூக்கில் விழுந்து உதட்டு வழியே உருண்டது. நடு உதட்டின் சின்னப் பிளவில் நாக்கு வெளியே வந்தது. துளியைத் தொட்டது. உள்ளே போனது. மறுபடியும் வந்தது. குடிக்க முடியவில்லை.

ஒரு வெட்டு. அவ்வளவுதான். கண் இமைக்கிற நேரம் ஆகாது.

கத்தரிக்கோலை நீட்டினான். சீழ் வாடை முகத்தில் அடித்தது. ஓர் எறும்பு பாம்பின் கண்மேல் ஏறி நின்றது. அவன் பாசிமேல் குனிந்து மஞ்சளாகக் கக்கினான். நிமிர்ந்தபோது பாம்பு தலையை அவன் பக்கம் வைத்துக் காத்திருந்தது. சீறவில்லை. பின்வாங்கவில்லை.

தொட முடியாது. அந்த உதட்டை விரலால் தொட முடியாது. நாளைக்குச் சொரிமுத்துவை அனுப்பிக்கொள்ளலாம்.

கத்தரிக்கோலைப் பள்ளத்தில் எறிந்துவிட்டு இறங்கினான். பஸ்ஸில் வரும்போதே உதடுகள் ஒட்டிக்கொண்டன. தென்காசியில் இறங்கி வாயைத் திறக்கப் பார்த்தான். திறக்கவில்லை.

விளக்கு வைக்கும் நேரத்தில் வீட்டுக்குள் நுழைந்தபோது பிரசவம் முடிந்திருந்தது. சுந்தரிக்குத் தாய் இல்லாததால் அடுத்த தெரு ஹைருன் பீவிதான் வந்து பார்த்தாள். அந்த வட்டாரத்தில் பாதிப் பிள்ளைகளை அவள்தான் கையில் ஏந்தியிருக்கிறாள்.

"எங்கன போய்ட்டீய தம்பி? பொம்பளப் புள்ள. மூக்கும் முழியுமா ராசாத்தி கணக்கா இருக்கா. அது என்ன மூஞ்சில துண்டு? பல்லு வலியா?"

தலையாட்டினான்.

"சரி, வலியைப் பொறுத்துக்கிட்டு சேனை தொட்டு வைங்க." சீனித் தண்ணீர்க் கிண்ணத்தை அவன் கையில் கொடுத்தாள். நல்ல மனசுக்காரர் முதல் இனிப்பை நாக்கில் வைத்தால் பிள்ளைக்கு அந்தக் குணமே வரும் என்பார்கள். "நான் வைக்கேன்னு சொன்னேன். உங்க பொஞ்சாதி விடலியே. பாம்போட தையலையே பிரிச்சு விட்டுட்டு வந்த மனுசன், அவுக குணம்தான் என் மவளுக்கு வரணும்னு பிடிச்ச பிடியா நிக்கா. இப்பத்தான் கண்ணு அசந்தா. இருங்க, வெந்நி எறக்கிட்டு வாரேன்."

பீவி அடுக்களைக்குப் போனாள். சுந்தரி வாடிய முகத்தோடு தூங்கினாள். அவள் பக்கத்தில் பழைய சேலையில் பொதிந்து, பிள்ளை.

கண்ணை மூடினான். மூடியும் தெரிந்தது. சிவந்த, உருண்ட, துடிக்கிற சூடு. எத்தனையோ நாள் காலி வயிறு அதைக் கண்டு முறுக்கிக்கொண்டது.

போய்விட வேண்டும் என்று நினைத்தான். கால்கள் முழங்காலிட்டன. உடம்பு குனிந்தது. துண்டு நழுவிக் கிண்ணத்தில் விழுந்தது. உதடுகளுக்கு நடுவே ஒரு சின்னப் பிளவு. அதன் வழியே ஏதோ வெளியே வந்தது. மெல்லியது. உலர்ந்தது. நுனியில் இரண்டாகப் பிரிந்தது. அவனுடைய நாக்கு.

அது பிள்ளையின் கன்னத்தைத் தொட்டது. உள்ளே போனது. பால் வாடை. உதிர வாடை. உப்பு. மறுபடியும் வந்தது.

காதுக்குக் கீழே தாடை எலும்பு கழன்று இறங்கியது. நோகவில்லை. வாய் திறக்கத் துடித்தது. நூல்கள் இறுகி உதட்டை அறுத்தன. ரத்தம் மோவாயில் வழிந்தது.

குற்றாலநாதா. தையல் விடக் கூடாது. குற்றாலநாதா. தையல் விடவே கூடாது.

அடுக்களையில் பீவி பானையை இறக்கும் சத்தம் கேட்டது. கூப்பிட வாய் இல்லை.

வலது ஓரத்தில் முதல் நூல் தெறித்தது.

கன்னத்தில் எதுவோ தொட்டதை உணர்ந்த பிள்ளை, பாலென்று நினைத்து, அந்தப் பக்கமாகத் திரும்பித் தன் சின்ன வாயைத் திறந்தது.